ஆம்பூரில் ஒரு ரஸாயன வகுப்பு

காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை மார்க்கமாக ரயிலில் செல்கிறவர்களுக்கு, ஆம்பூர் ஸ்டேஷன் நெருங்கிவிட்டது என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மூக்கே சொல்லிவிடும். ஜன்னலோரத்துப் பிரயாணி அவசரமாகக் கண்ணாடியை இறக்குவார். எதிர் ஆசனத்து அம்மாள் முந்தானையை மூக்கில் வைத்துக் கொள்வாள். "தோல் ஊர்!" என்று யாராவது முகத்தைச் சுளித்துக் கொண்டு சொல்வார்கள். வண்டி நின்றதும் அதே குடும்பத்தார் பிரியாணிப் பொட்டலம் வாங்குவதில் காட்டும் உற்சாகத்தை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஆம்பூர்ப் பிரியாணிக்கு உள்ள கௌரவம் ஆம்பூர்த் தோலுக்கு இல்லை. மூக்கைப் பிடித்துக் கொண்டவரின் காலில் கிடக்கும் செருப்பு இதே ஊரில் பதனிட்ட தோலாக இருக்கலாம் என்பது அந்தச் சமயத்தில் அவருக்கு ஞாபகம் வருவதில்லை.

நான் இந்தப் பிரதேசத்தில் ஒரு பொறியியல் கலாசாலையில் இருபத்தாறு வருஷமாக ரஸாயன எஞ்சினீயரிங் கற்பித்து வருகிறவன். என்னைப் பொறுத்த வரையில் அந்த நாற்றம் ஒரு பாட புஸ்தகம். அதில் குறைந்தது மூன்று அத்தியாயங்கள் உண்டு. அழுகிய முட்டை வாடை வந்தால் அருகில் சுண்ணாம்புத் தொட்டி இருக்கிறது. மயிரைக் கழற்றுவதற்காகச் சுண்ணாம்புடன் ஸோடியம் ஸல்பைடு சேர்க்கிறார்கள். கண்ணைக் கரிக்கும் நெடி வந்தால் அது அம்மோனியா. தோலுக்குள் போன சுண்ணாம்பை அம்மோனியா உப்புக்களால் வெளியேற்றிக் கொண்டிருக்கிறார்கள். கஷாயம் கொதிப்பதைப் போன்ற துவர்ப்பு மணம் வந்தால், அங்கே பழைய முறையில் ஆவாரம்பட்டையோ கடுக்காயோ வேறு மரப்பட்டையோ ஊறிக் கொண்டிருக்கிறது. மாணவர்களை முதன்முதலில் தோல் பதனிடும் சாலைக்கு அழைத்துப் போகும்போது, வாசற்படியிலேயே நிறுத்தி, கண்ணை மூடிக் கொண்டு எந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று சொல்லச் சொல்வேன். சிரித்துக் கொண்டுதான் ஆரம்பிப்பார்கள். இரண்டு நிமிஷத்துக்குப் பிறகு சிரிப்பு அடங்கி, கை நீட்டித் திசை காட்டுவார்கள்.

கூடவே இன்னொன்றும் சொல்லிவிடுவேன். மூக்கை ஓரளவுக்கு மேல் நம்பக் கூடாது. முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் ஸல்பைடு வாயு அதிகமாகும்போது மூக்கின் உணர்ச்சியையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதே என்று சந்தோஷப்படுகிறவன் மிகுந்த அபாயத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். ஸல்பைடு கலந்த கழிவு நீரும் அமிலக் கழிவு நீரும் ஒரே வாய்க்காலில் சந்தித்தால் அந்த வாயு திரண்டு கிளம்பும். கழிவுத் தொட்டியில் இறங்கியவர்கள் மயங்கி விழுந்து மாண்ட செய்திகளைப் பத்திரிகைகளில் படிக்கிறோம் அல்லவா? ஆகையால், கையால் கற்கும் கல்வியில் முதல் பாடம் எங்கே கையை வைக்கக் கூடாது என்பதுதான்.

ரஸாயன எஞ்சினீயரிங் என்றால் என்னவென்று பெற்றோர்கள் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். வீட்டிலே நாலு பேருக்கு ரஸம் வைப்பது ரஸாயனம். கல்யாணத்தில் ஆயிரம் பேருக்கு ரஸம் வைப்பது ரஸாயன எஞ்சினீயரிங் என்று நான் பதில் சொல்வது வழக்கம். கல்யாணச் சமையற்காரர் எல்லாவற்றையும் இருநூற்றைம்பதால் பெருக்கிப் போடுவதில்லை. அண்டா அடியில் எவ்வளவு நெருப்பு, எந்த நேரத்தில் கிளறுவது, இறக்கிய பின் எத்தனை நாழிகை சூடு தாங்கும், மிஞ்சினால் எங்கே கொட்டுவது என்பதெல்லாம் அவருக்குத் தனிக் கணக்கு. அந்தக் கணக்கை அவர் காகிதத்தில் கற்றுக் கொள்ளவில்லை. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில் ஜார்ஜ் டேவிஸ் என்பவர் 1887-ல் இந்தச் சாஸ்திரத்தைப் பற்றி முதல் பிரசங்கங்களைச் செய்தார். தொழிற்சாலைகளைச் சுற்றிப் பரிசோதிக்கும் இன்ஸ்பெக்டர் உத்தியோகம் பார்த்தவர் அவர். அமெரிக்காவில் ஆர்தர் லிட்டில் என்பவர், எந்த ரஸாயனத் தொழிலையும் அரைத்தல், வடித்தல், உலர்த்தல், கரைத்தல் என்று சில அடிப்படைக் காரியங்களாகப் பிரிக்கலாம் என்று 1915-ல் எடுத்துக் காட்டினார். அடுத்த வருஷமே, அவருடைய தூண்டுதலில், மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் மாணவர்களைத் தொழிற்சாலைகளுக்குள்ளேயே குடியேற்றிப் பாடம் நடத்த ஆரம்பித்தது. வாத்தியாரும் அங்கே, கரும்பலகையும் அங்கே.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்க வேண்டாம். நம்முடைய சென்னை மாகாணத்தில் குரோம் முறையில் தோல் பதனிடுவதை 1903 முதல் பரீட்சை செய்து பார்த்த ஆல்பிரட் சாட்டர்டன் ஒரு பொறியியல் ஆசிரியர். அவர் கையாண்ட இடம் சென்னை ஓவியப் பள்ளிக்கூடம். அவருக்குத் தூண்டுகோலாக இருந்தது கவலை இறைக்கும் தோல் சால். மரப்பட்டையால் பதனிட்ட சால் கிணற்று நீரில் ஊறி ஊறிச் சத்தை இழந்து சீக்கிரம் கிழிந்துவிடும். குரோம் தோல் அப்படித் தண்ணீருக்குத் தன்னை விட்டுக் கொடுப்பதில்லை. குடியானவனின் கிணற்றங்கரையில் ஆரம்பித்த ஆராய்ச்சி அது. சென்னைக்கு அருகிலுள்ள குரோம்பேட்டை, அங்கே சேம்பர்ஸ் என்பவர் நிறுவிய குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்றது என்பதை, தினந்தோறும் அந்த ஸ்டேஷனில் இறங்குகிறவர்களில் எத்தனை பேர் அறிவார்களோ! பிறகு 1915-ல் சென்னையில் தோல் தொழிலுக்கென்றே ஒரு பள்ளி ஏற்பட்டது. 1948-ல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் பெயரில் 1944-ல் தோன்றிய தொழில்நுட்பக் கலாசாலை பக்கத்திலேயே இருந்தது. தோல் தொழில்நுட்ப மாணவர்கள் அந்த ஆராய்ச்சி நிலையத்திலேயே வகுப்புக் கேட்டு, அங்கேயே உள்ள மாதிரிப் பதனிடும் சாலையில் தோலைத் தொட்டுப் பழகும் ஏற்பாடு உண்டாயிற்று.

காந்தியடிகளோ இன்னும் முன்னாலேயே போய்விட்டார். தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் அவருடைய நண்பர் காலன்பாக், டிராப்பிஸ்ட் துறவிகளின் மடத்தில் செருப்புத் தைக்கக் கற்றுவந்து காந்திக்குக் கற்பித்தார். காந்தி மற்றவர்களுக்குக் கற்பித்தார். ஜெனரல் ஸ்மட்ஸுக்கே ஒரு ஜோடி செருப்புத் தைத்துக் கொடுத்தார். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில் அவர் முன்வைத்த யோசனை, கைத்தொழிலின் மூலமாகவே எல்லாப் பாடங்களையும் கற்பிக்க வேண்டும் என்பது. அதைக் குழந்தைகளுக்கான கல்வி என்று நாம் ஒதுக்கிவிட்டோம். எஞ்சினீயர்களுக்குத்தான் அது அதிகம் தேவைப்படுகிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் எங்கள் கலாசாலையில் நிலைமை எப்படி இருந்தது? தோல் சுற்றும் டிரம்களிலிருந்து நாற்பது நிமிஷ பஸ் பிரயாணத்தில் உட்கார்ந்து கொண்டு, மாணவர்கள் டெக்ஸாஸ் மாகாணத்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் படத்தைப் பார்த்துப் பாடம் படித்தார்கள். ஒரு திரவம் திடப்பொருளுக்குள் ஊடுருவும் வேகத்தைப் பற்றிய சமன்பாட்டைத் தலைகீழாக ஒப்பிப்பார்கள். பரீட்சையில் நல்ல மார்க்கும் வாங்குவார்கள். அந்தச் சமன்பாடு ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் இரவும் பகலும் நடந்து கொண்டிருக்கிறது என்பது அவர்களுடைய ஏட்டில் இல்லை.

பதனிடும் சாலைக்கு மாணவர்களை அழைத்துப் போய், பார்த்துவிட்டுத் திரும்புவதோடு நில்லாமல், பருவத்துக்கு ஆறு நாள் வேலையும் செய்ய வைப்பது என்று ஏற்பாடு செய்தபோது, முதலில் என்னைத் தேடி வந்தவர் ஒரு மாணவனின் தகப்பனார். மிகவும் மரியாதையானவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கொண்டு, "ஏன் ஸார், கடன் வாங்கிப் படிக்க வைக்கிறோம். பையன் எஞ்சினீயராக வேண்டும் என்றுதானே அனுப்பினோம்? செத்த மாட்டுத் தோலைத் தொடுவதற்கா?" என்று கேட்டார்.

நான் டாக்டர் நாயுடம்மாவைப் பற்றி எடுத்துச் சொன்னேன். குண்டூர் ஜில்லாவில் எலவர்ரு என்னும் கிராமத்தில் 1922-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தோல் வித்தையைத் தேடிச் சென்னைக்கு வந்தவர். அடையாற்று ஆராய்ச்சி நிலையத்தின் டைரக்டராகி அதை உலகப் பிரசித்தமாக்கினவர். தேசத்தின் விஞ்ஞான ஆராய்ச்சிக் கவுன்ஸிலுக்கே தலைமை வகித்தவர். 1985-ல் கனிஷ்கா விமான விபத்தில் மறைந்தவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக் கொண்டார். "அவர் மேதை, ஸார். என் பையன் சாதாரணம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவர் வாயால் சொல்லாத ஒன்று எங்கள் இருவருக்கும் நடுவில் மேஜைமேல் கிடந்தது. இன்ன ஜாதியார்தான் தோலைத் தொடுவார்கள், மற்றவர்கள் தோலின் லாபத்தைத் தொடலாம் என்று நம் சமூகம் வகுத்து வைத்த ஏற்பாடு அது. வட ஆர்க்காட்டில் பதனிடும் சாலைகளை நடத்தியவர்களில் முஸ்லிம் வியாபாரிகள் மிகுதி. சுண்ணாம்புத் தொட்டியில் கை வைத்தவர்களில் மிகுதியானவர்கள் தீண்டாமையின் கொடுமைக்கு ஆளான மக்கள். சாஸ்திரம் படித்தவர்கள் பெரும்பாலும் இரண்டு இடத்திலும் இல்லை. இதனால் தொழிலுக்கு என்ன நஷ்டம் என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன். அந்தப் பையன் விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன்: அடுத்த திங்கட்கிழமை அவன் சம்மதக் கடிதத்துடன் வந்து சேர்ந்தான். கடிதத்தில் தகப்பனாரின் கையெழுத்து இல்லை. தாயாரின் கையெழுத்து இருந்தது.

எங்களுக்கு இடம் கொடுத்த பதனிடும் சாலை ஆட்டுத் தோல் பதனிடும் சிறிய சாலை. அதில் நாற்பது வருஷம் வேலை செய்த மேஸ்திரி ஒருவர் இருந்தார். அவருடைய கட்டை விரல்தான் அந்தச் சாலையின் பரிசோதனைச் சாலை. மாணவர்கள் கையுறையும் ரப்பர் ஜோடும் மாட்டிக் கொண்டு நிற்பதைப் பார்த்து அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சுழன்று கொண்டிருந்த டிரம்மை நிறுத்தச் சொல்லி, ஒரு தோலை எடுத்து மடித்துக் கையில் தொங்கவிட்டுப் பார்த்தார்.

"நடுவிலே இன்னும் சுண்ணாம்பு இருக்கு, சார். இருபது நிமிஷம் ஓடணும்" என்றார்.

அந்தத் தோலின் கழுத்துப் பக்கத்தைக் கத்தியால் கீறி, வெட்டு முகத்தில் பினால்ப்தலீன் சொட்டு விடச் சொன்னேன். காரம் உள்ள இடத்தில் அது ரோஜா நிறமாகும். காரம் போன இடத்தில் நிறம் காட்டாது. இரண்டு பக்கமும் வெள்ளையாக இருக்க, நடுவில் மட்டும் நூல் இழைபோல ஒரு ரோஜா நிறக் கோடு தெரிந்தது. மாணவர்கள் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் வகுப்பறையில் ஒரு நாளும் பெற்றதில்லை என்பதைப் பொறாமையுடன் தெரிவித்துக் கொள்கிறேன்.

"எப்படித் தெரிஞ்சுது, ஐயா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"சுண்ணாம்பு இருந்தா தோலு ரப்பர் மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்கும், பாப்பா. போயிட்டுதுன்னா தூங்குற கொழந்தை கை மாதிரி விழும். தொட்டுப் பாரு."

அவள் கையுறையுடன் தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு மற்றவர்களும் பார்த்தார்கள். தோலை எப்படித் தூக்குவது என்று தெரியாமல் எல்லோரும் திண்டாடிக் கொண்டிருக்கையில், ஒரு மாணவன் மட்டும் அதன் நடு முதுகில் பிடித்து ஒரே உதறலில் விரித்துப் போட்டான். மூன்று வருஷமாக வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வாயைத் திறக்காதவன் அவன். அவன் வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று அன்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஆனால் மத்தியானத்துக்குள் இரண்டு கோஷ்டியார் தங்களுடன் வந்து சேரும்படி அவனைக் கூப்பிட்டாகிவிட்டது.

அன்றைய கணக்கு இதுதான்: பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு துண்டு வெட்டி, சொட்டு விட்டு, வெள்ளை எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அளந்து குறித்துக் கொள்வது. மெல்லிய தோல் ஒன்று, கனத்த தோல் ஒன்று. மாலையில் வரைபடத்தாளில் புள்ளி வைத்துப் பார்த்தபோது, கனம் இரட்டித்தால் நேரம் இரட்டிப்பதில்லை, ஏறக்குறைய நான்கு மடங்காகிறது என்று வந்தது. பாட புஸ்தகத்தில் உள்ள சமன்பாடும் அதைத்தான் சொல்கிறது. பையன்கள் உற்சாகத்தோடு மேஸ்திரியிடம் போய்ச் சொன்னார்கள். அவர், "ஆமாம் தம்பி, தடிச்ச தோலுக்கு ரெண்டு பங்கு நேரம் பத்தாது, நாலு பங்கு கொடுக்கணும். எங்க மாமா அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு" என்றார். சமன்பாட்டை எழுதிய ஜெர்மன் வைத்திய சாஸ்திரி அடால்ப் பிக் 1855-ல் கண்டுபிடித்ததை, மேஸ்திரியின் மாமா வேறு வழியாகக் கண்டிருக்கிறார். இரண்டு பேரும் சந்திக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு நாள் மூன்று துண்டுகளை எடுத்துக் கொண்டோம். சுண்ணாம்பிலிருந்து வந்த பச்சைத் தோல் ஒன்று, பட்டையில் பதனிட்டது ஒன்று, குரோமில் பதனிட்ட நீலத் தோல் ஒன்று. ஒரு பாத்திரத் தண்ணீரில் மூன்றையும் தொங்கவிட்டு, உஷ்ணமானி ஒன்றையும் நட்டு, அடுப்பை மூட்டினோம். அறுபது டிகிரியைத் தாண்டிச் சற்று நேரத்தில் பச்சைத் தோல் அப்பளம்போலச் சுருண்டது. எண்பதை நெருங்கும்போது பட்டைத் தோல் சுருங்கத் தொடங்கியது. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் நீலத் தோல் மட்டும் அசையாமல் தொங்கியது. குரோமியம் தோலின் நார்களை ஒன்றோடொன்று இறுகக் கட்டிப் பிணைத்துவிடுகிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அந்த வாக்கியத்தை நான் வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். கொதிக்கும் தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

இனி, ரசம் வைத்த பிறகு மிஞ்சியதைக் கொட்டும் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்வதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.

ரஸாயன எஞ்சினீயருக்குப் பால பாடம், உள்ளே போனதெல்லாம் எங்காவது வெளியே வந்தாக வேண்டும் என்பது. ஆயிரம் கிலோ தோலுக்கு எண்பது கிலோ குரோம் உப்புப் போடுகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். அதில் கால் பங்கு, அதாவது இருபது கிலோ, குரோமியம் ஆக்ஸைடு. சாதாரண முறையில் நூற்றுக்கு அறுபது, எழுபது பங்குதான் தோலில் ஏறும். பதின்மூன்று கிலோ தோலில் போனால், ஏழு கிலோ எங்கே? மாணவர்கள் டிரம்மிலிருந்து வடிந்த பச்சைத் தண்ணீரை அளந்து, சோதித்து, அந்த ஏழு கிலோவைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அது வாய்க்காலில் இருந்தது. அதே மாதிரி உப்பு. கெடாமல் இருப்பதற்காகப் பச்சைத் தோலின் எடையில் நூற்றுக்கு நாற்பது பங்கு வரையில் உப்புப் போட்டு அனுப்புகிறார்கள். ஊற வைத்த முதல் தண்ணீரிலேயே அது கரைந்து வெளியேறிவிடுகிறது. தண்ணீரில் கரைந்த சாப்பாட்டு உப்பை எந்தக் கிருமியும் தின்று தீர்க்காது.

அந்த வாய்க்கால் பாலாற்றுக்குப் போயிற்று. ஒரு காலத்தில் இந்தத் தொழில் பட்டையையும் கடுக்காயையும் நம்பி அரைப்பதனிட்ட தோலைக் கப்பலேற்றி வந்தது. 1970-களில் அரசாங்கம் அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோற் சாமான்களையும் ஊக்குவித்தது. தேசத்துக்கு வருமானம் பெருகிற்று. ஆம்பூரின் ஜோடுத் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சொந்தச் சம்பளம் கிடைத்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் குரோமும் ஸல்பைடும் உப்பும் அதே வேகத்தில் பெருகின. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-ல் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாவதும், 35,000 ஹெக்டேருக்குக் கிட்டத்தட்ட நிலம் முழுவதுமோ ஓரளவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதும் அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கின்றன. கெடுத்தவனே செலவு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்திய நீதியில் வேரூன்றியதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு முக்கிய காரணம். சட்டக் கலாசாலை மாணவர்கள் தேசமெங்கும் வேலூர் வழக்கைப் படிக்கிறார்கள். வேலூரின் எஞ்சினீயரிங் மாணவர்கள் டெக்ஸாஸைப் படித்துக் கொண்டிருந்தார்கள்!

சற்று முன்னால் தொழிலுக்கு நஷ்டம் என்று சொன்னேனே, அது இதுதான். சாஸ்திரம் தெரிந்தவர்கள் தோலைத் தொடவில்லை. தோலைத் தொட்டவர்களுக்கு, நிலத்தையும் கிணற்றையும் என்ன செய்கிறோம் என்று கணக்குப் போட்டுச் சொல்ல யாரும் இல்லை. கணக்கைக் கடைசியில் நீதிபதிகள் போட வேண்டியதாயிற்று. அதற்குப் பின்னும் விபத்துக்கள் நின்றபாடில்லை. 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டை சிப்காட்டில், பல சாலைகளின் கழிவு நீரைச் சேர்த்துச் சுத்தப்படுத்தும் நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, அடுத்த சாலையில் தூங்கிக் கொண்டிருந்த தொழிலாளிகள்மேல் கசடு பாய்ந்து பத்துப் பேர் மாண்டார்கள். திரவம் உயர உயர அடிச்சுவரில் அழுத்தம் எவ்வளவு கூடும் என்பது இரண்டாம் வருஷப் பாடம். அந்தப் பாடத்தை எடுக்கும்போது இப்பொழுதெல்லாம் நான் வேறு உதாரணம் சொல்வதில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்த நேரத்தில் வகுப்பு மௌனமாகிவிடுகிறது.

வாய்க்காலில் கண்டுபிடித்த ஏழு கிலோவைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா? முடியும், கண்ணாடிக் குவளையிலேயே காட்டலாம். பச்சைத் தண்ணீரில் மக்னீஸியம் ஆக்ஸைடுத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்கி, இரவு முழுதும் வைத்துவிட்டால், காலையில் குரோமியம் முழுவதும் பச்சை வண்டலாக அடியில் உட்கார்ந்திருக்கும். மேலே தெளிந்த தண்ணீர். அதை வடித்துவிட்டு வண்டலில் கந்தக அமிலம் சேர்த்தால் மறுபடி குரோம் சாறு கிடைத்துவிடும். இதைத்தான் அடையாற்று நிலையத்தார் பதனிடும் சாலைகளுக்குச் சிபாரிசு செய்து வந்திருக்கிறார்கள். மீட்டெடுத்த சாற்றில் மாணவர்கள் ஒரு தோலைப் பதனிட்டு, அதைக் கொதிநீரில் போட்டுப் பார்த்தார்கள். சுருங்கவில்லை. சாலை முதலாளி தன் கணக்குப் பிள்ளையைக் கூப்பிட்டு, ஒரு மாதத்துக்கு எவ்வளவு ரூபாய் வாய்க்காலில் போகிறதென்று அங்கேயே பார்க்கச் சொன்னார். நான் பத்து வருஷம் பிரசங்கம் செய்திருந்தாலும் அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்க மாட்டார்.

உப்பு மட்டும் அவ்வளவு சுலபத்தில் பணிகிறதாக இல்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மெல்லிய சவ்வுகளின் வழியே தண்ணீரை அழுத்தி நல்ல நீரைப் பிரித்தெடுத்து, மீந்த உப்பு நீரைக் கொதிக்க வைத்து வற்றச் செய்கின்றன. ஆற்றுக்குப் போக வேண்டியது ஆற்றுக்குப் போகாமல் பழுப்பு நிற உப்பாகக் கொட்டகையில் குவிகிறது. சாப்பாட்டு உப்பும் ஸோடியம் ஸல்பேட்டும் இன்னும் என்னென்னவோ கலந்த அந்த உப்பை வாங்குவாரில்லை. மழையில் விடவும் கூடாது. சாஸ்திரம் சிக்கலை ஓரிடத்திலிருந்து தூக்கி இன்னோரிடத்தில் வைத்திருக்கிறது.

போன பருவத்தில் மாணவர்கள் அந்த உப்பில் இரண்டு கிலோ வாங்கி வந்து, கரைத்து, வடிகட்டி, குளிர்ப் பெட்டியில் வைத்தார்கள். குளிரில் ஸல்பேட்டு முதலில் படிகமாகிவிடும் என்பது புஸ்தகத்தில் உள்ளது. மறுநாள் காலையில் கண்ணாடித் துண்டுகளைப் போன்ற நீளமான படிகங்கள் நின்றன. அவற்றை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் காய்ச்சிய பின் கிடைத்த உப்பை ஒரு தட்டில் போட்டு மேஸ்திரியிடம் காட்டினார்கள். அவர் ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். அழுக்கு நிறம் இன்னும் கொஞ்சம் இருந்தது.

"இதையே திரும்பவும் பச்சைத் தோலுக்குப் போட்டா என்ன, சார்?" என்று கேட்டார்.

கடைசி வரிசைப் பையன் இரண்டு ஆட்டுத் தோல்களைக் கொண்டு வந்தான். ஒன்றில் கடை உப்பு, மற்றதில் கொட்டகை உப்பு. சரி சமமாக எடை போட்டுத் தடவி, நிழலில் மரச் சட்டத்தின்மேல் பரப்பி வைத்திருக்கிறார்கள். உப்பிலேயே வாழும் ஒரு வகைக் கிருமியால் தோலில் சிவப்புத் திட்டுக்கள் தோன்றுவதுண்டு. மயிர் பிடுங்கினால் கையோடு வருவதும் கெட்டுப் போனதற்கு அடையாளம். தினம் காலையில் மேஸ்திரி இரண்டையும் புரட்டி, முகர்ந்து, மயிரைச் சுண்டிப் பார்த்துச் சொல்கிறார். தாயாரின் கையெழுத்துடன் வந்த பையன் நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிக் கொள்கிறான். நான் இதை எழுதும் இன்று பதினோராவது நாள். இரண்டு தோலிலும் திட்டு எதுவும் இல்லை. கொட்டகை உப்புப் போட்ட தோலின் வால் பக்கம் சற்று ஈரமாக இருக்கிறது என்று குறிப்பு எழுதியிருக்கிறான்.